நான்கில் ஒன்றுக்கு டிக் அடிக்கவும்

பொருளாதாரம் படித்தவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எதைக் கேட்டாலும் 'ஒரு பக்கம் பார்த்தா இப்படி, இன்னொரு பக்கம் பார்த்தா அப்படி' என்பார்கள். இவர்களை ஒரே பக்கம் பார்க்க வைக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நான்கு விடையைக் கொடுத்து, ஒன்றுக்கு டிக் அடிக்கச் சொல்லிவிட்டார்கள்!

கல்லூரியில் பொருளாதாரம் சொல்லித்தர ஆசைப்படுகிறவர்கள் எழுதும் யூ.ஜி.சி. 'நெட்' பரீட்சையைச் சொல்கிறேன். 2011 டிசம்பர் வரை அதில் மூன்றாம் தாள் கட்டுரைத் தாள். கை வலிக்க வலிக்க எழுதலாம். 2012 ஜூனில் அதுவும் அப்ஜெக்டிவ் ஆனது. 2018 ஜூலையில் இரண்டாம் தாளும் மூன்றாம் தாளும் ஒன்றாகி, 100 கேள்வி, 200 மார்க். அந்த டிசம்பரில் கம்ப்யூட்டருக்குப் போனார்கள். 2024 ஜூனில் திரும்பப் பேப்பர், பேனா. ஆகஸ்டில் மறுபடி கம்ப்யூட்டர். அம்மா வீட்டுக்கும் மாமியார் வீட்டுக்கும் அலைகிற புதுப்பெண் மாதிரி!

அப்ஜெக்டிவுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. திருத்துகிற புரொபஸர் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தால் கட்டுரைக்கு மார்க் குறையும். கம்ப்யூட்டர் யாரிடமும் சண்டை போட்டுவிட்டு வராது.

ஆனால், 2024 ஜூனை மறக்க முடியவில்லை. 18-ஆம் தேதி 9 லட்சம் பேருக்கு மேல் நெட் எழுதினார்கள். மறுநாள் ராத்திரி பரீட்சையே ரத்து. கேள்வித்தாள் அவுட்டா என்று நாடே பேசியது. அதே 19-ஆம் தேதிதான் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில், பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். உள்ளே இருந்தது மெத்தனால். 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர்கள்.

இதையே நெட் கேள்வியாக்கிப் பாருங்கள். 'மது விலையை ஏற்றினால் ஏழை குடிப்பது: (அ) குறையும் (ஆ) கூடும் (இ) மாறாது (ஈ) எதுவுமில்லை.'

தேவை விதி படித்தவர் (அ) அடிப்பார். நெகிழ்ச்சி வரைக்கும் படித்தவர் தலையைச் சொறிந்துவிட்டு (இ) அடிப்பார். கருணாபுரத்து விடை இதில் இல்லை. அங்கே குடி மாறாது, சரக்கு மாறும். 2024 பிப்ரவரியில் டாஸ்மாக் குவார்ட்டருக்கு 10 ரூபாய் ஏறியது. அதனால்தான் இது நடந்தது என்று சொல்லவில்லை. ஆனால் கூலிக்காரருக்குப் பத்து ரூபாயும் ஒரு கணக்கு, பாக்கெட் மலிவு. புத்தகத்தில் இதற்குப் 'பதிலீட்டுப் பண்டம்' என்று பேர். உதாரணம் காபி, டீ. காபி விலை ஏறினால் டீக்குப் போவோம். செத்துப் போக மாட்டோம்.

விலையைக் குறைத்தால் சரியாகிவிடுமா? வீட்டு அரிசிக் காசும் அங்கேதான் போகும். கடையை மூடினால்? பாக்கெட்காரனுக்குக் கொண்டாட்டம். 'ஒரு பக்கம், இன்னொரு பக்கம்' என்று பத்துப் பக்கம் எழுத வேண்டிய விஷயம் இது. எழுதத்தான் இடம் இல்லை. ஒரே ஒரு கட்டுரைக் கேள்வியையாவது திரும்ப வைத்தால் என்ன?

ஏனென்றால், டிக் அடித்துப் பாஸானவர் நாளைக்குக் கள்ளக்குறிச்சிப் பக்கம் பாடம் நடத்த வரலாம். கருணாபுரத்துப் பிள்ளை ஒன்று எழுந்து, 'எங்கப்பா ஏன் சார் அதைப் போய்க் குடிச்சாரு?' என்று கேட்கலாம்.

அதற்கு (அ), (ஆ), (இ), (ஈ) கிடையாது.