காசிமேடு முதல் பரங்கிமலை வரை நடந்து செல்வோரின் வழியைப் பாதுகாப்பாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
காசிமேட்டிலிருந்து பரங்கிமலைக்கு நடந்து செல்வோர் சங்கத்தின் நிர்வாகிகளும் உறுப்பினர்களும்,
காசிமேடு, சென்னை.

பெறுநர்:
ஆணையர், பெருநகர சென்னை மாநகராட்சி.
கூடுதல் ஆணையர் (போக்குவரத்து), சென்னைப் பெருநகரக் காவல்.
தலைமைப் பொறியாளர், நெடுஞ்சாலைத் துறை.
இயக்குநர், சுற்றுலாத் துறை.
தலைமைச் செயல் அலுவலர், பரங்கிமலை - பல்லாவரம் கன்டோன்மென்ட் போர்டு.

பொருள்: தவக்கால நடைப்பயண வழியில் நடைபாதை, கடக்கும் வசதி, கழிப்பறை, குடிநீர், வழிக்குறிகள் அமைத்துத் தருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் விடியலுக்கு முன் காசிமேட்டில் கிளம்பி, இராயபுரம், பாரிமுனை, சாந்தோம், லஸ், சைதாப்பேட்டை வழியாகப் பரங்கிமலை உச்சிவரை நடப்பது எங்கள் வழக்கம். தூரம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஏலம் எடுத்து மீன் விற்கும் பெண்கள், விசைப்படகில் போகிறவர்கள், வலை பின்னுகிறவர்கள், ஐஸ் உடைக்கிறவர்கள், இவர்கள் வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் இதில் உண்டு. கிறிஸ்தவர்கள் மட்டும்தான் நடக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். திருவொற்றியூர் வடிவுடையம்மனுக்கு வேண்டிக்கொள்ளும் அதே பெண்கள், பிள்ளை பிழைத்ததற்கு நேர்ந்துகொண்டு பரங்கிமலைக்கும் நடக்கிறார்கள். வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடப்பவர்களை ஊர் அறியும். அதற்குப் பல நாள் தொழிலை விட வேண்டும். பரங்கிமலைக்கு ஒரு நாள் போதும். கூலிக்காரரும் அன்றாடம் காய்ச்சியும் நடக்கக்கூடிய நடை இது.

மலை ஏறுவது கடினம் என்று சொல்லி இந்த மனுவைக் கொடுக்கவில்லை. பரங்கிமலையின் உயரம் சுமார் 300 அடி. படியோரம் சிலுவைப்பாதையின் 14 நிலைகளிலும் நின்று நின்று எழுபது வயது ஆயாவும் ஏறிவிடுகிறார். எங்களால் கடக்க முடியாமலிருப்பது, வீட்டு வாசலில் தொடங்கும் முதல் இரண்டு கிலோமீட்டர் சமதரைதான்.

எண்ணூர் விரைவுச் சாலையில் விடியற்காலை நான்கு மணிக்கு வந்து பாருங்கள். கன்டெய்னர் டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. அவற்றுக்கும் சுவருக்கும் இடையே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் அளவு இடம் மிஞ்சும். அந்த இடத்தில்தான் கழிவுநீர் தேங்குகிறது, உடைந்த சிலாப் வாய் பிளந்து கிடக்கிறது. நிற்கும் வண்டி எப்போது நகரும் என்று நடப்பவருக்குத் தெரியாது. கீழே ஆள் இருப்பது மேலே உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கும் தெரியாது. எங்கள் உறுப்பினரான மீன்காரப் பெண் ஒருவர், நகரத் தொடங்கிய டிரெய்லரின் பக்கக் கண்ணாடி தோளில் இடித்து விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்து, மூன்று மாதம் கூடை தூக்க முடியாமல் கிடந்தார். ஓட்டுநர் மீது அவர் புகார் கொடுக்கவில்லை. "அவனும் ராத்திரியெல்லாம் தூங்காம நிக்கிறவன்தானே" என்றார். நாங்களும் யார் மீதும் பழி சொல்ல வரவில்லை. நடப்பவருக்கு என்று ஒரு கோடு அந்தச் சாலையில் இல்லாததே குறை.

இந்த வழியின் அருமையைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறோம். சாலைத் திட்ட வரைபடத்தில் இது ஒரே வழியாகத் தெரியாது. துண்டு துண்டான பல தெருக்களாகவே தெரியும். நடப்பவருக்குத்தான் இது ஒரே வழி.

முதலில் வருவது இராயபுரம் புனித இராயப்பர் ஆலயம். பேதுருவைத் தமிழில் இராயப்பர் என்பார்கள். அவர் பெயரால்தான் ஊர் இராயபுரம் ஆனது. சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில், அலையில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே மசூலாப் படகு வலித்த படகோட்டிகள் எழுப்பிய கோயில் அது. பக்கத்திலேயே 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட இராயபுரம் நிலையம். அங்கிருந்து பாரிமுனையின் அரண்மனைக்காரன் தெரு. ஆர்மீனியர் வாழ்ந்த தெருவின் பெயர் மக்கள் வாயில் அப்படித் திரிந்தது. 1772இல் கட்டிய ஆர்மீனியர் கோயிலும், செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோணியாரைத் தேடி எல்லா மதத்தாரும் வரும் தூய மரியன்னை இணைப் பேராலயமும் அங்கே இருக்கின்றன. அடுத்துக் கோட்டை. பிறகு கடற்கரையோரம் அயோத்திக்குப்பம், நடுக்குப்பம், நொச்சிக்குப்பம் என எங்கள் உறவினர் வாழும் ஊர்கள். அங்கே யாராவது சொம்பில் நீராகாரத்தோடு நிற்பார்கள், பெயர் கேட்கமாட்டார்கள். நகரம் வளைத்துக்கொள்ளும் முன்பே இருந்த பழைய கிராமங்கள் அவை. வரலாற்றுச் சின்னங்களின் பட்டியல் எதிலாவது குப்பத்தையும் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் எண்ணம்.

சாந்தோமில் இயேசுவின் சீடர் தோமையாரின் கல்லறை. லஸ்ஸில் 1516ஆம் ஆண்டைத் தன் கல்வெட்டில் தாங்கி நிற்கும் பிரகாச மாதா ஆலயம். கடலில் திசை தெரியாமல் தவித்த போர்த்துக்கீசிய மாலுமிகள் கரையில் ஒரு வெளிச்சத்தைக் கண்டு பிழைத்தார்கள் என்றும், அந்த இடத்தில் கட்டியது இது என்றும் சொல்வார்கள். கடலில் போகிறவர் வீட்டுப் பெண்கள் அங்கே நின்று ஏன் அழுகிறார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை.

சைதாப்பேட்டை சின்னமலையில், தோமையார் ஒளிந்திருந்ததாக மரபு சொல்லும் குகை. அடையாற்றைக் கடக்கும் இடத்தில் 1726இல் பாலம் கட்டியவர் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். பழைய பாலம் போய்விட்டது. பாரசீகம், ஆர்மீனியம், லத்தீன் மொழிகளில் பொறித்த கல்வெட்டு இருக்கிறது. பரங்கிமலைக்குப் படிக்கட்டு அமைத்தவரும் அவரே. நடப்பவர் ஆற்றில் இறங்கக் கூடாது, மலையில் வழுக்கக் கூடாது என்று சொந்தக் காசைப் போட்ட ஒருவர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த வழியில் இருந்திருக்கிறார். எங்கள் ஆயாக்கள் பெரியமலை என்றே சொல்லும் பரங்கிமலை அதற்கப்பால். உச்சியில் பகலவி எழுத்துப் பொறித்த கற்சிலுவை. படியேறி நின்று கிழக்கே திரும்பினால் கடல் தெரியும். அந்த ஒரு பார்வைக்காகவே நடக்கிறவர்கள் எங்களில் பலர்.

எங்கள் கோரிக்கைகளைக் கூறுகிறோம்.

எல்லாவற்றுக்கும் முதலாவது, காசிமேடு மீன்பிடித் துறைமுக வாயிலிலிருந்து இராயபுரம் இராயப்பர் ஆலயம் வரை தொடர்ச்சியான நடைபாதை. குறைந்தது இரண்டு பேர் எதிரெதிரே கடக்கும் அகலம் வேண்டும். டிரெய்லர் சக்கரம் ஏற முடியாத உயரத்தில் கல் விளிம்பு வேண்டும். மூடிய வடிகாலும் வேலை செய்யும் விளக்குகளும் வேண்டும். இது தவக்காலத்துக்கு மட்டுமான தேவை அல்ல. அந்தச் சாலையோரமாகத்தான் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், கூடைக்காரப் பெண்கள் இரவு இரண்டு மணிக்கு ஏலத்துக்கு வருகிறார்கள். மோட்டார் வாகனம் சாராத போக்குவரத்துக்கான கொள்கையை மாநகராட்சி 2014இலேயே ஏற்றது. 2019இல் பாண்டி பஜாரில் நடப்பவருக்கென்று அகன்ற வளாகம் திறக்கப்பட்டது. நாங்களும் போய் நடந்து பார்த்து மகிழ்ந்தோம். நடைபாதையைப் பயன்படுத்துவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது. அந்த உரிமை வடசென்னையில் தொடங்கட்டும் என்று கேட்கிறோம்.

நிரந்தர வேலை முடியும்வரை, தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் விடியற்காலை மூன்று முதல் ஆறு மணிவரை சாலையின் கடலோரப் பக்கத்தில் மட்டும் லாரிகளை நிறுத்தாமல், தடுப்பு வைத்து ஒரு நடைவரிசை விட்டுத்தர வேண்டும். ஆண்டுக்கு ஆறேழு நாள். துறைமுக வேலை இதனால் நிற்காது; நாங்களும் துறைமுகத்தை நம்பிப் பிழைப்பவர்களே.

இன்னொரு ஆபத்தான இடம் கத்திப்பாரா. கிண்டியிலிருந்து பட் ரோட்டுக்குப் போவதற்குள் எத்தனை திருப்பங்களில் வண்டிகள் வேகம் குறையாமல் வருகின்றன என்பதைக் காரில் போகிறவர் உணர முடியாது. முதியவர் நடையின் வேகத்துக்கு ஏற்ற நேரம் தரும் சிக்னலும், தரையோடு கடக்கும் வழியும் அங்கே வேண்டும். மேலேறி இறங்கும் நடைமேம்பாலம் வேண்டாம்; ஏறுவதற்கு எங்களுக்கு மலை இருக்கிறது, முழங்கால் அதற்குத்தான் மிச்சம் வேண்டும். தேனாம்பேட்டை - சைதாப்பேட்டை உயர்மட்டச் சாலைப் பணி நடக்கும் இடங்களில் தடுப்புக்குள் தற்காலிக நடைவழி விட்டால் போதும்.

பெண்களின் பெயரால் ஒன்று. வழியிலுள்ள பொதுக் கழிப்பறைகள் பல, நாங்கள் கடந்து போகும் நேரத்தில் பூட்டியிருக்கின்றன. பயணத்தின்போது வேறு வழியின்றித் தண்ணீர் குடிக்காமலே நடக்கும் பெண்கள் இருக்கிறார்கள். பங்குனி வெயிலில் சைதாப்பேட்டையைத் தாண்டியதும் மயங்கி விழுவது அவர்கள்தான். ஆகவே கழிப்பறையையும் குடிநீரையும் தனித்தனிக் கோரிக்கையாக நாங்கள் எழுதவில்லை. இராயபுரம், கடற்கரை, லஸ், சின்னமலை, மலையடிவாரம் ஆகிய ஐந்து இடங்களில் இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். அந்த வெள்ளிகளில் மூன்று மணிக்கே திறந்திருக்க வேண்டும். தண்ணீர்ப் பந்தலைப் பார்த்துக்கொள்ள எங்கள் ஆட்கள் நிற்பார்கள். இடமும் குழாயும் கொடுங்கள். மலையடிவாரத்தில் மரநிழலும் சில கல் பெஞ்சுகளும் அமைக்கக் கன்டோன்மென்ட் போர்டைக் கேட்டுக்கொள்கிறோம்.

வழிக்குறிகளைப் பற்றி. ஸ்பெயினில் சாந்தியாகோ நகரத்துக்கு நடக்கும் யாத்திரிகருக்கு மஞ்சள் அம்புக்குறியும் கிளிஞ்சல் சின்னமும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு வழிகாட்டுகின்றன. அவ்வளவு தொலைவு போகவேண்டாம், திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடப்பவருக்காக எத்தனை ஏற்பாடுகள்! எங்கள் வழிக்கு ஒரு மீன் குறி போதும். ஆதிக் கிறிஸ்தவர்களின் அடையாளம் அது, எங்கள் பிழைப்பும் அதுவே. விளக்குக் கம்பங்களில் நீல நிறத்தில் ஒரு சிறிய மீன், தலை பரங்கிமலையை நோக்கி. இராயப்பர் ஆலயம், அரண்மனைக்காரன் தெரு, குப்பங்கள், லஸ், உஸ்கான் கல்வெட்டு, சின்னமலை ஆகிய இடங்களில் நான்கு வரியில் தமிழ்ப் பலகை. உஸ்கான் கல்வெட்டை நின்று படிக்கும்படி பாதுகாத்து வைக்க வேண்டும். இதற்கான வாசகங்களைப் பங்குத் தந்தையரையும் வரலாற்று ஆசிரியர்களையும் கேட்டு எழுதித்தர நாங்கள் தயார்.

இவ்வளவுக்கும் முன்பாக ஒன்று செய்ய வேண்டும்: வழியை ஒரு முறை முழுமையாக அளக்க வேண்டும். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கும் பெரும்பணியின் முதல் அடிக்கோட்டைப் பரங்கிமலை அடிவாரத்தில்தான் தொடங்கினார். ஏழரை மைல் கோட்டைச் சங்கிலி போட்டு அளக்க அவருக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. எங்கள் வழியை அளக்க ஒரு காலைப்பொழுது போதும். எங்கே நடைபாதை இல்லை, எங்கே விளக்கு எரியவில்லை, எங்கே கடக்க முடியவில்லை என்று ஐந்து துறைகளும் சேர்ந்து ஒரே அறிக்கையாக எழுத வேண்டும். ஒரு துறை மற்றொன்றைக் கைகாட்டுவதில் எங்கள் பழைய மனுக்கள் காலத்தைக் கழித்துவிட்டன.

ஆகவே, வரும் தவக்காலம் தொடங்குவதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமையில், துறைக்கு ஒரு பொறியாளரை அல்லது அலுவலரை எங்களோடு நடக்க அனுப்புமாறு பணிவுடன் வேண்டுகிறோம். விடியற்காலை மூன்றரை மணிக்கு மீன்பிடித் துறைமுக வாயிலில் காத்திருப்போம். செருப்பு அல்ல, ஷூ போட்டு வரச் சொல்லுங்கள்; முதல் இரண்டு கிலோமீட்டரில் தண்ணீர் தேங்கியிருக்கும். கைவிளக்கும் குடிநீரும் நாங்கள் கொண்டுவருகிறோம். திரும்பி வரப் பரங்கிமலையிலிருந்து மெட்ரோ இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்

இடம்: காசிமேடு

இணைப்பு: வழி வரைபடம், உறுப்பினர்கள் கையொப்பங்களும் கைரேகைகளும், முதல் இரண்டு கிலோமீட்டரின் புகைப்படங்கள்.