பெங்களூரு: அனுமதிக்கப்பட்ட அளவில் ஒரு நச்சுக் காற்று

ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலத்தில் தில்லியை நச்சுப்புகை மூடும்போது பெங்களூருவின் பெயரும் செய்திகளில் அடிபடும். ஆனால் அது ஆறுதலுக்கான எடுத்துக்காட்டாகவே இருக்கும். பெருநகரங்களில் ஓரளவு நல்ல காற்று வீசும் நகரம் இதுதான் என்று ஒப்பீட்டுப் பட்டியல்கள் வெளியாகும். அடுக்குமாடி விற்பனையாளர்கள் அதையே விளம்பரமாக்குவார்கள். ஆட்சியாளர்களும் பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பெருமூச்சில் எத்தனை மைக்ரோகிராம் நுண்துகள் உள்ளே போகிறது என்பதை யாரும் கணக்கிடுவதில்லை.

இந்த ஆறுதல் எதன் மீது கட்டப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 2009ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர நியமங்களின்படி, பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள் ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். பெங்களூருவின் சராசரி அண்மைக் காலத்தில் 30ஐ ஒட்டியே இருந்து வருகிறது. எனவே இந்த அளவுகோலின்படி அந்நகரத்தின் காற்றில் குறையில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2005இல் 10 மைக்ரோகிராம் என்று நிர்ணயித்திருந்த வழிகாட்டு வரம்பை, புதிய மருத்துவச் சான்றுகளின் அடிப்படையில் 2021இல் 5 ஆகக் குறைத்துவிட்டது. அதன்படி பெங்களூருவாசி சுவாசிப்பது பாதுகாப்பான அளவைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. அறிவியல் முன்னேறியது, இந்தியாவின் நியமம் 2009இலேயே நின்றுவிட்டது.

இது வெறும் எண் விளையாட்டு அல்ல. 2024 ஜூலையில் ‘லான்செட் பிளானட்டரி ஹெல்த்’ ஆய்விதழில் வெளிவந்த ஆய்வு, 2008 முதல் 2019 வரையிலான காலத்தில் இந்தியாவின் பத்து நகரங்களில் நிகழ்ந்த சுமார் 36 லட்சம் மரணங்களைப் பரிசீலித்தது. உலக சுகாதார நிறுவன வரம்புக்கு மேற்பட்ட நுண்துகளால் இந்நகரங்களில் ஆண்டுதோறும் சுமார் 33 ஆயிரம் பேர் உயிரிழக்கிறார்கள் என்பது அதன் முடிவு. தில்லியில் 12 ஆயிரம், சென்னையில் 2,900, பெங்களூருவில் 2,100. இவற்றைவிடக் கூர்ந்து கவனிக்க வேண்டியது அந்த ஆய்வின் மற்றொரு கண்டறிதலாகும். மாசு குறைவாக உள்ளதாகக் கருதப்படும் பெங்களூரு, சிம்லா போன்ற நகரங்களில்தான், நுண்துகள் சற்றே கூடினாலும் மரண அபாயம் செங்குத்தாக உயர்கிறது. ‘அனுமதிக்கப்பட்ட அளவு’ என்ற சொல் மருத்துவம் கொடுத்த உத்தரவாதம் அல்ல. அரசு கொடுத்த அனுமதி மட்டுமே.

தலைமுடியின் விட்டத்தில் சுமார் முப்பதில் ஒரு பங்கே உள்ள இந்தத் துகள், மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் காற்றுப்பைகளை அடைந்து இரத்தத்தில் கலக்கிறது. ஆஸ்துமாவும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பும் மட்டுமல்ல. மாரடைப்பு, பக்கவாதம், எடை குறைந்த குழந்தைப் பிறப்பு ஆகியவற்றுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. டீசல் புகையை 2012இலும், வெளிப்புறக் காற்று மாசை 2013இலும் புற்றுநோயை உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. இவ்வளவுக்குப் பின்னரும், 2019 டிசம்பரில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் பிரகாஷ் ஜவடேகர், மாசுக்கும் ஆயுள் குறைவுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக எந்த இந்திய ஆய்வும் காட்டவில்லை என்று மக்களவையில் கூறினார். இந்திய ஆய்வு வந்த பிறகும் நியமம் திருத்தப்படவில்லை.

காற்று எல்லோருக்கும் பொதுவானது என்பார்கள். பொதுவானதுதான், ஆனால் அதைச் சுவாசிக்கும் நிலைமை பொதுவானதல்ல. ஓசூர் சாலையில் சில்க் போர்டு சந்திப்பில் மூடிய கண்ணாடிக்குள் குளிர்சாதனக் காரில் காத்திருப்பவரும், அதே சந்திப்பில் எட்டு மணி நேரம் நிற்கும் போக்குவரத்துக் காவலரும், ஒரு நாளில் பலமுறை அதைக் கடக்கும் உணவு விநியோகத் தொழிலாளியும், ஓரத்தில் தள்ளுவண்டி வைத்திருக்கும் பெண்ணும் ஒரே அளவு நஞ்சை உள்ளிழுப்பதில்லை. கருங்கல் அறுக்கும் கட்டுமானத் தொழிலாளிக்கு வாகனப் புகையோடு சிலிக்கா தூசியும் சேர்கிறது. அது நுரையீரலில் உண்டாக்கும் சிலிக்கோசிஸ் நோய்க்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை. வேலை முடிந்து தகரக் கொட்டகைக்குத் திரும்பினால், அங்கே விறகு அடுப்பு. நகரின் கண்காணிப்பு நிலையங்கள் நகரத்தின் சராசரியை அளக்கின்றன; இந்த மனிதர்களின் மூக்கருகே உள்ள காற்றை அவை அளப்பதில்லை.

இந்தப் புகை எங்கிருந்து வருகிறது? பெங்களூருவில் பதிவான வாகனங்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. ‘மக்கள் ஆளுக்கொரு வண்டி வாங்குகிறார்கள்’ என்று பழியைத் தனிமனிதப் பழக்கத்தின் மீது போடுவது வசதியான விளக்கம். எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி. என்று பொதுத்துறை ஆலைகளைச் சுற்றி வளர்ந்த நகரம் அது. அந்த ஆலைகள் தொழிலாளர் குடியிருப்பையும் ஆலைப் பேருந்தையும் தங்கள் பொறுப்பாகக் கொண்டிருந்தன. 1990களுக்குப் பின் வந்த தகவல் தொழில்நுட்ப வளர்ச்சி, வேலையை ஒயிட்பீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் வைத்தது. வீட்டை ரியல் எஸ்டேட் சந்தையிடம் விட்டது. இடையிலான இருபது கிலோமீட்டரைத் தொழிலாளியின் தலையில் கட்டியது. இரு சக்கர வாகனம் அங்கே ஆடம்பரம் அல்ல, வேலைக்குப் போவதற்கான கூலிச் செலவு.

அந்த இருபது கிலோமீட்டரைக் கடப்பதற்கான பொதுப் போக்குவரத்து என்ன ஆனது? சுமார் 40 லட்சம் பேரை நாள்தோறும் சுமக்கும் மாநகரப் பேருந்துக் கழகமான பி.எம்.டி.சி.யின் கட்டணம் 2025 ஜனவரியில் 15 சதவீதம் உயர்த்தப்பட்டது. அடுத்த மாதமே மெட்ரோவின் உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயானது. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் தரும் சக்தி திட்டத்தை 2023 ஜூனில் கொண்டுவந்த அதே சித்தராமையா அரசுதான் பேருந்துக் கட்டணத்தையும் உயர்த்தியது. சக்தி திட்டம் பெண் தொழிலாளர்களுக்குப் பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் கூடிய கூட்டத்துக்கு ஏற்பப் பேருந்துகள் கூட்டப்படாவிட்டால், கட்டணம் கொடுப்பவர் இரு சக்கர வாகனத்துக்கே திரும்புவார். மின்பேருந்துகள் வருகின்றன, வரவேற்கத்தக்கதே. எனினும் அவற்றில் பெரும்பகுதி ஒப்பந்த முறையில் தனியார் நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. நடத்துநர் கழகத்தின் ஊழியர், ஓட்டுநர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். புகையைக் குறைக்கும் பெயரில் நிரந்தர வேலையையும் குறைத்துவிடும் ஏற்பாடு இது.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. ஹெப்பாளையும் சில்க் போர்டையும் இணைக்க, துணை முதல்வராக இருந்து டி.கே. சிவகுமார் முன்னின்று கொண்டுவந்த சுமார் 17 கிலோமீட்டர் சுரங்கச் சாலையின் மதிப்பீடு 17 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டுகிறது. கார்களுக்கான கட்டணச் சாலை அது. மறுபுறம், ஒன்றிய அமைச்சரவை 2020 அக்டோபரில் ஒப்புதல் அளித்த 148 கிலோமீட்டர் புறநகர் ரயில் திட்டம் முழுவதற்கும் மதிப்பீடு 15,767 கோடிதான். 2022 ஜூனில் அடிக்கல் நாட்டிய பிரதமர் மோடி, 40 மாதங்களில் அதை முடிக்கப் பாடுபடுவதாகப் பேசினார். கர்நாடகத்தை ஆள்வது காங்கிரஸ், ஒன்றியத்தை ஆள்வது பாஜக. கார் வைத்திருப்போருக்கு முன்னுரிமை தருவதில் இரண்டுக்கும் வேறுபாடு காண்பது கடினம்.

மக்கள் எதிர்த்தால் இத்தகைய திட்டங்கள் நிற்கும் என்பதற்குச் சான்றும் அங்கேயே உண்டு. பசவேஸ்வரா சந்திப்பிலிருந்து ஹெப்பாள் வரை எண்ணூறுக்கும் மேற்பட்ட மரங்களை வெட்டிக் கட்டவிருந்த எஃகு மேம்பாலத்தை எதிர்த்து 2016 அக்டோபரில் ஆயிரக்கணக்கானோர் மனிதச் சங்கிலியாக நின்றனர். 2017 மார்ச்சில் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. ஆனால் அது பெருமளவுக்கு நடுத்தர வர்க்கத்தின் போராட்டமாகவே இருந்தது. மரத்துக்காகத் திரண்ட கூட்டம் பேருந்துக் கட்டண உயர்வுக்கு எதிராகத் திரளவில்லை. தொழிற்சங்கங்கள் அந்தச் சங்கிலியில் முன்னணியில் இல்லாததும் விவாதிக்க வேண்டிய ஒன்று.

குப்பை எரிப்பைப் பற்றிப் பேசும்போது வர்க்கப் பார்வை இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5 ஆயிரம் ரூபாயும் பெருமளவில் எரித்தால் 25 ஆயிரமும் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. பிடிபடுபவர் யார்? கூட்டிய சருகை ஏற்றிச் செல்ல ஒப்பந்ததாரரின் வண்டி வராத நிலையில், அதற்குத் தீ வைத்துவிட்டு அடுத்த தெருவுக்கு விரையும் தூய்மைப் பணியாளர். நெடிய போராட்டத்துக்குப் பின் 2025 மே தினத்தன்று 12,692 தூய்மைப் பணியாளர்களுக்கு நிரந்தரப் பணி ஆணை வழங்கப்பட்டது பெரிய வெற்றி. குப்பை வண்டி ஓட்டுநர்களும் உதவியாளர்களும் இன்னும் ஒப்பந்தத்தில்தான் தவிக்கிறார்கள்.

நீரைக் கெடுத்தால் காற்றும் கெடும் என்பதை பெல்லந்தூர் ஏரி உலகுக்கே காட்டியது. கழிவுநீரும் ஆலைக் கழிவும் கலந்து நுரை பொங்கிச் சாலையில் பறந்த அந்த ஏரி, 2017 பிப்ரவரியில் தீப்பற்றி எரிந்தது. 2018 ஜனவரியில் மீண்டும் எரிந்தபோது அணைக்க ஆயிரக்கணக்கில் இராணுவ வீரர்கள் இறங்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் மாநில அரசுக்கு 50 கோடியும் மாநகராட்சிக்கு 25 கோடியும் அபராதம் விதித்தது. அபராதம் மக்கள் வரிப்பணம்; கழிவைத் திறந்துவிட்ட நிறுவனங்களின் இலாபத்தில் அது எவ்வளவு குறைத்தது என்று கேட்பாரில்லை.

ஒன்றிய அரசு 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில், பி.எம். 10 அளவு வரம்பை மீறிய நகரமாகப் பெங்களூருவும் சேர்க்கப்பட்டது. நாடு முழுவதும் அத்திட்ட நிதி எங்கே போனது என்பதை அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024இல் கணக்கெடுத்தது. 64 சதவீதம் சாலைத் தூசியை அடக்கவும், 12.63 சதவீதம் வாகனப் புகைக்கும், தொழிற்சாலை மாசுக்கு வெறும் 0.61 சதவீதமும் செலவாகியிருக்கிறது. தூசியின் மீது தண்ணீர் தெளித்தால் பெரிய துகள் படியும், கணக்கு அழகாகும். உயிரைக் குடிக்கும் நுண்துகள் காற்றிலேயே இருக்கும். போதாக்குறைக்கு, 2023ஆம் ஆண்டின் ‘ஜன் விஸ்வாஸ்’ சட்டம், 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் பல மீறல்களுக்கு இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, 10 ஆயிரம் முதல் 15 லட்சம் வரை அபராதம் என்று மாற்றியது. பெருநிறுவனத்துக்கு 15 லட்சம் ஒரு செலவுக் கணக்கு மட்டுமே.

இதையெல்லாம் கேள்வி கேட்க வேண்டிய மாமன்றம் எங்கே? பெங்களூரு மாநகராட்சியின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அடுத்த ஐந்து ஆண்டுகளும் தேர்தல் நடத்தப்படாமலேயே, 2025 செப்டம்பரில் அது ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. சுரங்கச் சாலை போன்ற முடிவுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மாமன்ற உறுப்பினர்கூட இல்லாத காலத்தில்தான் எடுக்கப்பட்டன.

காற்றைச் சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் பிரச்சனை என்று ஒதுக்கிவைக்கும் பழக்கம் தொழிற்சங்க அரங்கிலும் இருக்கிறது. பணியிடத் தூசிக்குக் கட்டாய அளவீடு, சாலைப் பணியாளருக்கு ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனை, வேலைக்குச் செல்லும் பேருந்துக்கு நிர்வாகமே பொறுப்பு, நியமத்தை 40இலிருந்து குறைக்கக் காலவரம்பு ஆகியவை கோரிக்கைப் பட்டியலில் ஊதிய உயர்வுக்கு அருகில் இடம்பெற வேண்டியவை. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி, பொம்மசந்திரா வழியே ஒவ்வொரு நாளும் பெங்களூருவின் ஆலைகளுக்குச் சென்று திரும்பும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்கு இந்தக் கோரிக்கைகளில் இரு மாநிலச் சங்கங்களும் சேர்ந்து எழுப்பக்கூடிய ஒன்று உடனடியாகவே இருக்கிறது: ஓசூர் சாலையில் ஷிப்ட் நேரத்துக்கேற்ற, கட்டுப்படியாகும் கட்டணத்தில், இரு மாநில அரசுப் பேருந்துகள்.