ஒட்டி வைத்த மான்கள்

ஒரு மிருகத்தை வேறொரு நிலக்காட்சிக்குள்ள பொருத்துறது எப்படி எண்டு சொல்லித்தாற போட்டோசொப் வீடியோக்கள் யூடியூப்பில கொட்டிக் கிடக்கு. வெளிச்சம் எந்தப் பக்கத்தால வருது, நிழல் எவ்வளவு நீளம், கால் புல்லுக்குள்ள மறையிற இடத்தை எப்படி மாஸ்க் பண்றது எண்டு பொறுமையாச் சொல்லிக் குடுக்கினம். நல்ல கலை. போஸ்டருக்கும் புத்தக அட்டைக்கும் தேவையான கலை. அதில எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை.

ஆனா இதைப் பற்றிக் கதைக்கும்போது நாங்கள் எப்பவும் திறமையிலேயே நிண்டுவிடுறோம். ஒட்டினது தெரியுதா, தெரியேல்லையா? நான் கேக்க விரும்புறது வேற: அந்த மிருகம் அங்க நிண்டா ஆருக்கு வசதி?

2006 ஜூலையில் சீனா லாசாவுக்கான ரயில் பாதையைத் திறந்தது. திபெத்திய மறிமான்கள் ஒவ்வொரு கோடையும் குட்டி போட இடம்பெயரும் வழியை அந்தப் பாதை குறுக்கறுத்துப் போகிறது. மான்களுக்கு என்ன நடக்கும் எண்டு பலர் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பதில் மாதிரியே ஒரு படம் வந்தது. மேலே பாலத்தில் ரயில். கீழே ஒழுங்காக ஓடும் மான் கூட்டம். எடுத்தவர் லியூ வெய்ச்சியாங் என்ற பத்திரிகைப் படப்பிடிப்பாளர். அரச தொலைக்காட்சியான சிசிடிவி அதை அந்த ஆண்டின் சிறந்த செய்திப் படங்களில் ஒன்றாகத் தெரிவு செய்தது. 2008 பெப்ரவரியில் இணையவாசிகள் படத்தின் அடிப்பகுதியில் ஒரு மெல்லிய கோட்டைக் கண்டுபிடிச்சினம். இரண்டு படங்களின் மூட்டு. இவ்வளவு சத்தத்துக்கு ஒரு மான் கூடவா மிரளாது எண்டும் கேட்டினம். லியூ ஒத்துக்கொண்டார். வேலையும் போனது.

இதில பெரிய கொடுமை என்னெண்டா, அந்தப் பாதையில் விலங்குகள் கடக்க 33 வழிகள் உண்மையாகவே கட்டப்பட்டிருந்தன. மான்கள் அவற்றைப் பயன்படுத்தப் பழகி வருவதை ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கினம். உண்மை மெதுவா நடந்து வந்துகொண்டிருந்தது. அதுக்குள்ள இவர் அவசரப்பட்டு ஒட்டிவிட்டார். பிறகு உண்மையான படத்தைக் காட்டினாலும் ஆர் நம்புறது?

சுவீடனில் டெர்யே ஹெல்லசோ செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். விருது பெற்ற இயற்கைப் படப்பிடிப்பாளர். வேறு ஆக்கள் எடுத்த லின்ஸ் காட்டுப்பூனைகளைத் தன் காட்டுப் படங்களுக்குள் பொருத்தினது 2011இல் அம்பலமானது. அவரைப் பிடிச்சுக் குடுத்தது பிக்சல் இல்லை, ரோமம்: ஜூலையில் எடுத்ததாகச் சொன்ன படத்தில் பூனைக்குக் குளிர்கால ரோமம். போட்டோசொப் தெரிஞ்சவரை மிருகம் தெரிஞ்சவர் பிடிச்சார். எனக்கு இந்தக் கதையில மிகவும் பிடிச்ச இடம் இது.

"எல்லாப் படமும் எடிட் தானே மச்சான்" எண்டு சொல்லுவினம். வெளிச்சத்தைக் கூட்டுறதும் ஓரத்தை வெட்டுறதும், அங்க இல்லாத ஒரு சாட்சியைக் கொண்டுவந்து நிப்பாட்டுறதும் ஒண்டு இல்லை. "இது இணைத்துச் செய்த படம்" எண்டு கீழ ஒரு வரி போட்டா நானும் லைக் போடுவன். அந்த வரியை விட்டுட்டு இடத்தையும் திகதியையும் போடுற நேரமே அது வாக்குமூலம் ஆகிடுது.

2025 பெப்ரவரியில் ஹபரணைக்குக் கிட்ட ரயில் மோதி ஆறு யானைகள் செத்தன. வேகத்தைக் குறை, வேலி போடு, பாதையை மாத்து எண்டு ஆளுக்கு ஒண்டு சொன்னம். அந்தத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில நிம்மதியா மேயுற யானைக் கூட்டம் ஒண்டை ஆராவது வடிவா ஒட்டிப் போட்டா, எத்தனை பேர் சந்தேகப்படாமல் ஷெயார் பண்ணுவம்?

பெரிய வனவிலங்குப் படப் போட்டிகள் இறுதிச் சுற்றில் கமெராவின் மூலக் கோப்பைக் கேட்கின்றன. கம்பஸ் போட்டிகளிலயும் கேக்கத் தொடங்கலாம். செலவு ஒரு பென்டிரைவ்தான்.