மிதிவெடி அகற்ற இந்தியா ஆள் அனுப்ப வேண்டாம், பணம் தரட்டும்

இலங்கையில் போர் முடிந்தது 2009 மே மாதம். வடக்கிலும் கிழக்கிலும் புதைத்த மிதிவெடிகள் இன்னும் முழுதாக எடுக்கப்படவில்லை. கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. அதன்படி 2028 ஜூன் 1-க்குள் தன் மண்ணை முற்றாகத் துப்புரவாக்க வேண்டும். இந்தக் கெடு தவறாமல் இருக்க அண்டை நாடுகள் நிதிப் பொறுப்பை ஏற்க வேண்டும், அதிலும் இந்தியா முதல் ஆளாக ஏற்க வேண்டும் என்பது எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

எங்கள் ஊரான தென்னேரியில் தறியையும் ஏரிப் பாசனத்தையும் நம்பிப் பிழைப்பவர்களுக்கு இதில் என்ன வேலை என்று எங்கள் உறுப்பினர்களே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊர் திரும்புவதா, இங்கேயே இருப்பதா என்று யோசிக்கும் குடும்பத்துக்குக் காணி இருந்தால் மட்டும் போதாது, அந்தக் காணியில் கால் வைக்க முடிய வேண்டும். தேர்தல் வந்தால் ஈழத்தைப் பற்றி முழங்காத மேடை இங்கே இல்லை. அந்த மேடைகளில் மிதிவெடி அகற்றல் பற்றி ஒரு வார்த்தை நாங்கள் கேட்டதில்லை.

வேலை எப்படிப்பட்டது என்பதற்கு முகமாலையைச் சொன்னால் போதும். ஏ-9 சாலையில் பளைக்கும் கொடிகாமத்துக்கும் இடையே இருக்கிறது. 2000-இல் இராணுவத்தின் ஆனையிறவுத் தளம் விடுதலைப் புலிகளிடம் விழுந்த பிறகு, 2009 தொடக்கம் வரை இரு தரப்பின் முன்னரங்குகளும் இங்கேதான் எதிரெதிரே நின்றன. இரு பக்கமும் வரிசை வரிசையாக வெடி பதித்தார்கள். இராணுவம் பயன்படுத்தியவற்றில் பாகிஸ்தானில் செய்த பி-4 உண்டு. அதைப் பார்த்துப் புலிகள் ‘ரங்கன் 99’ என்று தாங்களே ஒன்று செய்தார்கள். மரப்பெட்டியில் அடைத்த ‘ஜொனி’யும் அவர்கள் தயாரிப்பு. பிளாஸ்டிக் மிதிவெடிக்குள் உலோகம் மிகக் கொஞ்சம். அதைச் சுற்றியுள்ள மண்ணிலோ பல வருஷச் சண்டையின் எறிகணைச் சிதறலும் முட்கம்பியும் தோட்டாக் கூடும் கலந்து கிடக்கின்றன. உலோகம் காட்டும் கருவி அங்கே ஓயாமல் கூவும், அதை நம்ப முடியாது. அதனால் பல இடங்களில் நீண்ட கைப்பிடி வைத்த பல்வாரியால் மண்ணையே மெல்ல மெல்ல வாரி எடுக்கிறார்கள். முகமூடி, மார்புக் கவசம், மேலே சுடும் வெயில். ஒருவர் ஒரு நாளில் முடிப்பது சில சதுர மீட்டர்தான். இந்த வேலையில் பெண்கள் நிறைய. போரில் கணவரை இழந்து, குடும்பத்தைத் தனியே தாங்குகிறவர்கள் அவர்களில் பலர்.

இலங்கை இராணுவப் பொறியியல் பிரிவு, சர்வதேச அமைப்புகளான ஹலோ ட்ரஸ்ட், மேக், உள்நாட்டு அமைப்புகளான டாஷ், ஷார்ப் ஆகியவை இந்தப் பணியில் இருக்கின்றன. இராணுவம் தவிர்த்த மற்றவற்றுக்குப் பணம் பெரும்பாலும் அமெரிக்கா, ஜப்பான், பிரிட்டன், நார்வே போன்ற தூர நாடுகளிலிருந்து வந்திருக்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை ஒரே உத்தரவில் நிறுத்தியபோது, உலகின் பல பகுதிகளில் கண்ணிவெடி அகற்றும் பணி சட்டென்று நின்றது. கடல் தாண்டியிருக்கும் ஒரு தலைநகரின் மனமாற்றத்தை நம்பி முகமாலைத் தோட்டங்கள் காத்திருப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. 2022-இல் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் நின்ற இலங்கை அரசும் இந்தச் செலவைத் தனியே சுமக்காது.

இந்தியா ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். போர் முடிந்ததும் ஏழு இந்திய அணிகளைத் தன் செலவில் வடக்குக்கு அனுப்பியது. வீடுகள் கட்டிக் கொடுத்தது. இந்திய அரசு நிறுவனமான இர்கான் மீண்டும் போட்ட தண்டவாளத்தில் 2014 அக்டோபரில் யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. 2022 நெருக்கடியில் ஏறக்குறைய 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. அத்தோடு ஒப்பிட்டால் மிச்சமிருக்கும் மிதிவெடிகளை எடுக்க ஆகும் செலவு சிறு தொகை. தவிர, இதில் இந்தியா வெறும் கொடையாளி அல்ல. 1987 முதல் 1990 வரை அங்கிருந்த இந்திய அமைதிப்படையும் வடக்கில் கண்ணிவெடி பதித்தது. அதற்கான வரைபடமோ குறிப்போ தில்லியின் ஆவணக் காப்பில் இருக்குமானால் அதை இலங்கையிடம் வெளிப்படையாக ஒப்படைக்க வேண்டும்.

ஆள் அனுப்ப வேண்டாம் என்று நாங்கள் சொல்வதற்குக் காரணமும் அமைதிப்படை இருந்த அந்த வருஷங்கள்தான். வடக்கில் இந்தியச் சீருடையின் நினைவு இனிமையானதல்ல. அதைவிட முக்கியம், இந்த வேலையில் பழுத்த கைகள் வன்னியிலேயே இருக்கின்றன. இந்திய இராணுவத்தின் பொறியாளர் பிரிவான மதராஸ் சாப்பர்ஸ் படையில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற தமிழர்கள் நம் ஊர்ப்பக்கமும் இருக்கிறார்கள், அவர்கள் திறமையில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் கிளிநொச்சியில் பதினைந்து வருஷம் மண்ணை வாரிய பெண்ணுக்கு அவர்கள் பாடம் எடுக்கத் தேவையில்லை. அவருடைய சம்பளம் இடையில் நிற்காமல் இருந்தால் போதும். இந்தியப் பணம் கடனாக அல்லாமல் மானியமாக வர வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் தொகையாக இல்லாமல் கெடு வரை உறுதியாக வர வேண்டும். அதில் ஒரு பங்கு கால் இழந்தவர்களுக்கும் போக வேண்டும்; செயற்கைக் கால் வளரும் பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டிய பொருள்.

மற்ற அண்டை நாடுகளையும் சேர்க்கப் பிராந்திய அமைப்பு என்றால் சார்க் என்பார்கள். 2014 காத்மாண்டுவுக்குப் பிறகு சார்க் உச்சி மாநாடே நடக்கவில்லை, அந்தக் கதவைத் தட்டிப் பயனில்லை. இந்தியாவும் இலங்கையும் மியான்மரும் தாய்லாந்தும் இருக்கும் பிம்ஸ்டெக்கில் இதைப் பேசலாம். 2023-இல் உலகிலேயே அதிகமாக, 1,003 பேர், கண்ணிவெடியாலும் வெடிக்காத குண்டுகளாலும் பாதிக்கப்பட்டது மியான்மரில்தான் என்று லேண்ட்மைன் மானிட்டர் ஆண்டறிக்கை பதிவு செய்திருக்கிறது. வன்னியில் வேலை முடிந்ததும் அங்குள்ள அனுபவசாலிகளுக்கு அடுத்த வேலை எங்கே என்பதற்கும் விடை மியான்மரில் இருக்கலாம், அங்கே துப்பாக்கிகள் ஓய்ந்தால். அமைப்பு மட்டும் அற்புதம் செய்யாது என்பதும் தெரியும். கண்ணிவெடிப் பணிக்கான ஆசியான் மையம் இருப்பது கம்போடியத் தலைநகர் புனோம்பென்னில். 2025-இல் புதிதாக வெடி பதித்ததாகத் தாய்லாந்து குற்றம்சாட்டியது அதே கம்போடியாவைத்தான். கம்போடியா மறுத்தது.

இந்தியா ஒட்டாவா உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. கையெழுத்திட வேண்டும் என்பதே எங்கள் கருத்து. 2001 டிசம்பரில் பாகிஸ்தான் எல்லை நெடுகப் புதைத்தவை எதிரியைவிட நம் சிப்பாய்களையும் பஞ்சாப், ராஜஸ்தான் விவசாயிகளையும்தான் வாட்டின. ஆனாலும் அந்தக் கையெழுத்துக்காக இலங்கைக்கான உதவியைத் தள்ளிப்போடச் சொல்ல மாட்டோம். பாதுகாப்பு விவாதம் எத்தனை வருஷமும் இழுக்கும். ஏரிக் கரை உடைந்தால் ஆயக்கட்டுக்காரர்கள் பட்டாத் தகராறைத் தீர்த்துவிட்டா குடிமராமத்துக்கு வருவார்கள்?

தமிழ்நாடு அரசிடம் எங்கள் கோரிக்கை ஒன்றுதான். முகாமில் இருப்பவர்களின் சொந்த ஊர் துப்புரவான பட்டியலில் இருக்கிறதா, இன்னும் சிவப்புக் குறிக்குள் இருக்கிறதா என்ற தகவலை இலங்கையிடம் கேட்டுப் பெற்று, அவர்கள் திரும்ப முடிவெடுக்கும் முன்பே கையில் கொடுக்க வேண்டும். எங்கள் தொகுதி மக்களவை உறுப்பினரிடம் கேட்பது வேறு. வெளியுறவு அமைச்சகத்தின் ஒதுக்கீட்டில் இலங்கைக்கென்று ஆண்டுதோறும் ஒரு தொகை உண்டு. அதில் மிதிவெடி அகற்றலுக்கு எவ்வளவு போகிறது என்று அவையில் எழுத்து மூலம் கேட்டு, கிடைக்கும் பதிலைத் தொகுதி மக்களுக்கு வெளியிட வேண்டும்.