சிக்னல் இல்லாத தெருவுக்கு பிட்காயினா?

போன வாரம் வாசிப்பு வட்டம் முடிந்ததும் ஒரு தம்பி கேட்டான்: “பேங்குக்குப் போனா நம்மள நிக்க வெச்சே பேசுறாங்க. கிரிப்டோவுக்கு மேனேஜர் இல்ல, சாதியும் தெரியாது. நெட் இல்லாத ஊர்லகூட ஓடுது. அதத்தானே அக்கா நாம பேசணும்?”

அவன் கோபம் நியாயமானது. ஆனால் ‘நெட் இல்லாமலே ஓடுது’ என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும், தோழர்களே.

பிளாக்ஸ்ட்ரீம் என்ற நிறுவனம் 2017 முதல் பிட்காயின் கணக்கேட்டைச் செயற்கைக்கோள் வழியாக ஒளிபரப்புகிறது. டிஷ்ஷும் கம்ப்யூட்டரும் கரண்ட்டும் இருந்தால் பெறலாம். பெற மட்டும்தான் முடியும். பணம் அனுப்ப வேறொரு இணைப்பு வேண்டும். மேலே இருப்பவர் பேசுவார், கீழே இருப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாடு நமக்குப் புதிதா என்ன?

ஆப்பிரிக்காவில் மச்சான்குரா என்றொரு சேவை 2022இல் வந்தது. பட்டன் போனில், பேலன்ஸ் பார்க்க ஸ்டார், ஹாஷ் போட்டு டயல் செய்வோமே, அப்படியே பிட்காயின் அனுப்பலாம். நல்ல முயற்சி, கிண்டல் செய்யமாட்டேன். ஆனால் பெட்டியின் சாவி சேவை நடத்துபவரிடம் இருக்கிறது. வழியோ செல்போன் கம்பெனியுடையது. எந்த இடைத்தரகர் ஒழிந்தார்?

எல் சால்வடார் 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டபூர்வ பணமாக்கியது. அந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, எல்லா வியாபாரிகளும் அதை வாங்கியாக வேண்டும் என்றது. 12ஆம் பிரிவு, தொழில்நுட்ப வசதி இல்லாதவர்களுக்கு விலக்கு தந்தது. யார் வெளியே நிற்கப்போகிறார்கள் என்று எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது! 2025 ஜனவரியில் அந்தக் கட்டாயத்தையே எடுத்துவிட்டார்கள்.

சிலர் அண்ணலையும் துணைக்கு இழுக்கிறார்கள். 1923இல் வெளியான ‘ரூபாயின் பிரச்சினை’ நூலில் அவர் நாணய வெளியீட்டுக்கு வரம்பு கேட்டது உண்மை. எதற்காகக் கேட்டார்? ரூபாயின் வாங்கும் சக்தி ஆட்டம் காணக்கூடாது என்பதற்காக. பிட்காயினுக்கும் 2 கோடியே 10 லட்சம் என்ற வரம்பு இருக்கிறது. ஆனாலும் 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்டது, ஓராண்டில் 16,000க்கு வந்தது. கூலிக்காரர் வீட்டு அரிசிப் பானை இந்த ஆட்டத்தைத் தாங்குமா?

நம் ஊருக்கு வருவோம். நூறு நாள் வேலைக்கு வருகைப் பதிவு 2023 ஜனவரி முதல் செயலியில்தான் என்றார்கள். ஒரு நாளைக்கு இரண்டு போட்டோ. சிக்னல் இல்லையென்றால்? பல மாநிலத் தொழிலாளர்கள் அந்த ஆண்டு டெல்லி ஜந்தர் மந்தரில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் புதிய நாணயம் கேட்கவில்லை. செய்த வேலைக்குக் கூலி கேட்டார்கள்.

ஊர்த்தெருவில் நான்கு கோடு காட்டும் போன் காலனிக்குள் வந்ததும் ஏன் செத்துப்போகிறது? நான் கேட்கச் சொல்வது இந்தக் கேள்வியை. தம்பி, வருகிற ஞாயிறு போனோடு வா. எந்தெந்த வீட்டு வாசலில் சிக்னல் நிற்கிறது என்று தெருத்தெருவாக எழுதுவோம். அடுத்த கிராம சபைக்கு அந்தத் தாள் வேண்டும்.