திரையும் ஒரு சிற்பப் பட்டறையே

மயிலாடிக் கல்தச்சர்களின் கைத்திறனை அறியாதவர் குமரி மாவட்டத்தில் இலர். அக்கலைஞர்களுள் ஒருவருக்குச் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் உறுதியானதும், கல்தூசியிலிருந்து விலகுமாறு மருத்துவர் கூறுவார். நோயாளி மருந்தை ஏற்பார். இவ்வறிவுரையை ஏற்பதுதான் அரிது. நாற்பதாண்டுகள் உளி பிடித்த கைக்கு அதன்பின் என்ன வேலை என்னும் கேள்வி அவரை வாட்டும்.

கருங்கல்லில் உள்ள சிலிக்கா, அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் கண்ணுக்குப் புலப்படாத தூசியாகி நுரையீரலின் அடியாழம்வரை செல்கிறது. கிரைண்டர் வந்தபின் இத்தூசி மிகுந்துவிட்டது. அதனால் உண்டாகும் தழும்பை மருந்தால் அகற்ற இயலாது. காசநோய் தொற்றும் வாய்ப்பும் கூடுகிறது. எனவே விலகுதல் இன்றியமையாதது. ஆயினும், கல்லை விடுவதற்காகக் கலையையே விட வேண்டியதில்லை. கணினியில் சிற்பம் வடிக்கும் முறையை இவர்கள் ஒருமுறையேனும் முயன்று பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

பிளெண்டர் என்னும் மென்பொருள் கட்டணமின்றிக் கிடைக்கிறது. திரையில் களிமண் உருண்டை போன்ற ஓர் உருவம் தோன்றும். அதை அழுத்தலாம், இழுக்கலாம், செதுக்கலாம். கல்லில் குறைக்க மட்டுமே முடியும்; இங்கே கூட்டவும் முடியும். தவறிய வெட்டை ஒரு விசையால் மீட்கலாம். ஒரு பக்கத்துக் கண்ணை வடித்தால் மறுபக்கத்துக் கண்ணும் உடன் உருவாகும் வசதி உண்டு. தொடங்குவதற்கு மவுஸ் போதும். அழுத்தத்தை உணரும் மின்பேனா இருப்பின் கைக்கு இன்னும் இயல்பாக அமையும். வீட்டில் ஆக்சிஜன் பெறுபவரும் அமர்ந்தபடியே இதைச் செய்யலாம்.

முதல் நாள்கள் ஏமாற்றமளிக்கலாம். கல்லின் எடை இல்லை. தட்டிப் பார்த்து ஆண் கல், பெண் கல் என்று பிரித்தறியும் ஓசையும் இல்லை. எனினும் முகத்தை அலகாகக் கொண்டு உடலை அளக்கும் தாலக் கணக்கு சிற்பியின் மனத்தில் இருக்கிறது. மென்பொருளைச் சில மாதங்களில் பழகலாம். அந்தக் கணக்கு கைவரப் பல்லாண்டுகள் ஆகும். முதலில் முழு உருவத்தை முயலாமல், ஒரு தாமரை மொட்டையோ அபய கரத்தையோ வடித்துப் பழகுவது நன்று.

இது நோயைக் குணப்படுத்தாது. உடனடி வருவாய்க்கும் உறுதியில்லை. வடித்த உருவை முப்பரிமாண அச்சில் எடுக்கலாம். இயந்திரத்தால் கல்லிலும் குடையலாம். கல் குடையும் கூடத்திற்கு மட்டும் சிற்பி செல்லலாகாது; அங்கும் அதே தூசிதான்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். கணினிமுன் அமரும் பெரியவரை, "இந்த வயதில் என்ன விளையாட்டு?" என்று கேளாதீர்கள். கணினியை இயக்கப் பேரப்பிள்ளை கற்றுத் தரட்டும். முக அளவுகளைத் தாத்தா கற்றுத் தரட்டும். அரை மணிக்கொருமுறை அவர் எழுந்து சற்று நடக்குமாறும், மருந்துகளைத் தவறாமல் உட்கொள்ளுமாறும் பார்த்துக்கொள்ளுங்கள்.