பெயர்ப்பலகையில் தமிழின் முகம்

ஜொகூர் பாருவை அடுத்துள்ள தம்போய் வட்டாரத்தில் பல இன மக்கள் வாழ்கின்றனர். இத்தகைய ஊர்களின் கடைத்தெருக்களில் பெயர்ப்பலகைகளும் பல மொழிகளில் பேசுகின்றன. மலாய்மொழி முதன்மையாக நிற்க, ஆங்கிலமும் சீனமும் தமிழும் அதனருகே இடம்பெறுகின்றன. உணவகமோ பூக்கடையோ மளிகைக் கடையோ, வாடிக்கையாளர் முதலில் காண்பது பெயர்ப்பலகையைத்தான். ‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது பழமொழி. ஒரு வணிகத்துக்கு ஆடையாக அமைபவை அதன் எழுத்துரு, சின்னம், வண்ணம் ஆகியவையே. அவ்வாறிருக்க, தமிழுக்கு மட்டும் பொருந்தாத ஆடையை அணிவிப்பது முறையாகுமா?

பெயர்ப்பலகைத் தமிழில் இருவகைக் குறைகள் காணப்படுகின்றன. முதலாவது, பிழை. ‘பல் மருத்துவம்’ என்பதில் ஒரு புள்ளி விடுபட்டால், அது ‘பல மருத்துவம்’ ஆகிவிடும். மென்பொருள் தமிழுக்கு ஏற்றதாக இல்லாவிட்டால், எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். இரண்டாவது, பிறமொழி எழுத்தின் சாயலைத் தமிழின்மேல் திணிப்பது. புதுமை என்று கருதி, ‘ட’ இருக்க வேண்டிய இடத்தில் அதைப் போன்ற ரோமன் எழுத்தை வைப்போரும் உள்ளனர். படிப்பவர் தடுமாறினால் அந்தப் புதுமையால் பயன் இல்லை.

தமிழ் எழுத்துக்கெனத் தனி இயல்பு உண்டு. ரோமன் எழுத்தில் உள்ளது போன்ற பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு தமிழில் இல்லை. ‘ர’ ஒடுங்கியது, ‘ண’ அகன்றது. ‘கீ’ மேலே சுழிக்கும். ‘து’ கீழே இறங்கும். ஆகவே, ஆங்கிலத்துக்கு விடும் இடைவெளியையே தமிழுக்கும் விட்டால் வரிகள் ஒன்றோடொன்று மோதும். இந்த வளைவுகளுக்கும் காரணம் உண்டு. ஓலையில் எழுத்தாணியால் நேர்க்கோடுகளை அழுத்தி இழுத்தால் ஓலை கிழியும். அதனால்தான் வளைவுகள் பெருகின என்பர். 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானபோது, அந்த வளைவுகள் உலோக அச்சில் ஏறின. ஓலை, அச்சு, கணினி எனக் கருவி மாறும்போதெல்லாம் தமிழ் எழுத்தைப் புரிந்துகொண்டு வடிவமைத்தோர் இருந்தனர்.

இன்றும் அத்தகையோர் நம்மிடையே உள்ளனர். மலேசியரான முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் உருவாக்கத் தொடங்கிய ‘முரசு’ மென்பொருள், பின்னர் ‘முரசு அஞ்சல்’ எனப் புகழ்பெற்றது. அவர் வடிவமைத்த ‘இணைமதி’ எழுத்துரு ஆப்பிள் கணினிகளிலேயே இடம்பெற்றது. தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் தர்மலிங்கம், தமிழ் அச்செழுத்துகளை ஆராய்ந்தவர். அவர் வரைந்த சின்னத்தையே இந்திய அரசு 2010ஆம் ஆண்டில் ரூபாயின் குறியீடாக ஏற்றது. தேவநாகரியின் ரகர வடிவத்தையும் ரோமன் எழுத்தின் வடிவத்தையும் அவர் அதில் ஒன்றிணைத்தார். எழுத்தின் அமைப்பை நுணுகி அறிந்தவருக்கே நல்ல சின்னம் கைகூடும் என்பதற்கு இவர்கள் சான்றாவர்.

“வாடிக்கையாளர் அனைவருக்கும் மலாய்மொழி தெரியுமே, தமிழ் எழுத்து எப்படி இருந்தால் என்ன?” என்று சிலர் கேட்கலாம். பிற மொழிகளோடு அருகருகே நிற்பதால்தான் தமிழின் குறை பளிச்செனத் தெரிகிறது. ஒரே பலகையில் மூன்று மொழிகள் நேர்த்தியாகவும் தமிழ் மட்டும் சிதைந்தும் இருந்தால், அந்த மொழியைப் பிறர் எவ்வாறு மதிப்பர்? “சிறு வணிகரால் வடிவமைப்பாளருக்குச் செலவு செய்ய இயலுமா?” என்பதும் நியாயமான கேள்வியே. ஆயினும், ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’, ‘முக்தா மலர்’ போன்ற எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பலகை அச்சாகுமுன் தமிழறிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்ப்பதற்கும் பணம் தேவையில்லை, அக்கறைதான் தேவை.

மாணவர்களே, உங்கள் பள்ளித் தமிழ்க் கழகத்துக்கு ஒரு சின்னம் வரைய வேண்டுமாயின், இணையத்தில் கிடைக்கும் படத்தை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். கழகத்தின் பெயரில் உள்ள முதல் எழுத்தைத் தாளில் பெரிதாக எழுதிப் பாருங்கள். அதன் வளைவும் சுழியும் எதை நினைவூட்டுகின்றன என்று சிந்தியுங்கள். அ, இ, ழ, ஞ ஆகிய ஒவ்வோர் எழுத்திலும் ஓர் ஓவியம் ஒளிந்துள்ளது. வடிவமைத்த பின், அதை அறியாத நண்பர் ஒருவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தயங்காமல் படித்தால், உங்கள் வடிவமைப்பு முதல் தேர்வில் வென்றுவிட்டது. வடிவமைப்பு இன்று நல்ல வருமானம் தரும் தொழில். தமிழ் எழுத்தை நன்கறிந்த வடிவமைப்பாளர்கள் பெருகினால், நம் கடைத்தெருக்களில் தமிழும் பிற மொழிகளுக்கு நிகராகத் தலைநிமிர்ந்து நிற்கும்.